தகரம் பிரிக்கும் வரை

நடந்தது இந்த வரிசையில்:

1. இரண்டாம் அலையின்போது, வைகாசி பிறந்த சமயம், எங்கள் ஊர்க்கமிட்டி மாதா கோயில் ஒலிபெருக்கியில் ஓர் அறிவிப்புச் செய்தது. காய்ச்சல் வந்தால் யாரும் அரசுப் பரிசோதனைக்குப் போகக் கூடாது. அறிவித்தவர் கமிட்டித் தலைவர். அவர் என் அப்பா.

2. அடுத்த வாரம் நான் வேலை பார்க்கும் நிறுவனம் ஊழியர் எல்லாருக்கும் பரிசோதனை நடத்தியது. எனக்குத் தொற்று இருந்தது. எங்கள் ஊரில் அந்த ஆண்டு பதிவான முதல் தொற்று அதுதான்.

3. சுகாதாரத் துறையினர் வந்து எங்கள் தெருவைத் தகரம் வைத்து அடைத்தார்கள். மீன் ஏலம் நின்றது. வள்ளங்கள் கரையேறின.

4. அம்மாவுக்கு எனக்கு முன்பே நோய் வந்திருந்தது அப்போதுதான் தெரிந்தது. எங்கள் இருவரையும் திருநெல்வேலிக்குக் கொண்டுபோனார்கள். அப்பா ஊரில் இருந்தார்.

5. மூன்று பேரில் இரண்டு பேர் வீடு திரும்பினோம்.

நான் காற்றாலைகளின் அளவுக் கருவிகளைப் பராமரிக்கும் பொறியாளர். ராதாபுரம் பக்கம் ஒரு காற்றாலை நின்றுபோனால், என்ன நடந்தது, எதற்குப் பின் எது நடந்தது என்பதைத்தான் முதலில் எழுதுவோம். யார்மேல் தவறு என்ற பேச்சு அதற்குப் பிறகு. அந்தப் பழக்கத்தில்தான் இதையும் வரிசையாக எழுத ஆரம்பித்தேன். ஆனால் ஐந்து வரியில் அடங்கும் விஷயமாக இது இல்லை.

கமிட்டி ஏன் அப்படி அறிவித்தது என்று வெளியூர்க்காரர்கள் கேட்கிறார்கள். அறியாமை என்று நினைக்கிறார்கள். அறியாமை இல்லை. கிழக்குக் கடற்கரையில் அந்த மாதங்களில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். எங்களைப் போன்ற வள்ளக்காரர்களுக்குத் தடை கிடையாது. பெரிய படகுகள் இல்லாத கடல், நல்ல விலை. ஊரின் ஓராண்டுச் சாப்பாடு அந்த இரண்டு மாதத்தில்தான் இருக்கிறது. முதல் அலையின்போது கேரளத்திலிருந்து வந்த ஒருவருக்குத் தொற்று என்று கடற்கரையை மூடினார்கள். அடைப்பை எடுக்கும் நாள் நெருங்கும்போது இன்னொருவருக்கு வந்தது. அடைப்பின் நாட்கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. இப்படியே அந்தப் பருவம் முழுக்கப் போனது.

அதனால் இந்த முறை அப்பா ஒலிபெருக்கியில் சொன்னார்: "காய்ச்சல் கண்டவங்க வீட்டுக்குள்ள இருங்க. கசாயம் குடிங்க. தேவைன்னா வள்ளியூர்ல போய் ஊசி போட்டுக்கோங்க. ஆனா மூக்குல குச்சி விட யாரும் போகக் கூடாது. ஒருத்தர் போனா ஊரே பட்டினி. மத்தத மாதா பாத்துக்கிடுவா."

நான் அன்று மாலை வீட்டில் அவரிடம் சண்டை போட்டேன். "எங்க கம்பெனில எடுக்கச் சொல்லிருக்காவ. நான் எடுப்பேன்" என்றேன்.

"நீ எடு. ஒனக்கு ஒண்ணும் இருக்காது" என்றார். அவர் யோசித்த விதம் அதுதான். நோய் என்பது பரிசோதனைக்குப் போகிறவர்களில் யாரோ ஒருவருக்கு இருக்கும். தன் மகளுக்கு இருக்காது.

இருந்தது. முடிவு வந்த அன்றே சுகாதார ஆய்வாளர் இரண்டு ஆட்களோடும் ஒரு சின்ன லாரியோடும் வந்தார். லாரியில் தகரமும் சவுக்குக் கம்பும் இருந்தன. எங்கள் தெரு நேராகப் போய்க் கடலில்தான் முடியும். வள்ளங்களை இறக்குவதும், மீனைக் கூவி ஏலம் விடுவதும் அந்த முனையில்தான். தெருவை அடைத்தால் ஊரின் வாயை அடைத்த மாதிரி.

எதிர்வீட்டு ரோணிக்கம் அத்தை வாசலில் நின்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "தலைவரு ஊருக்குச் சட்டம் போட்டாரு. மவ அத உடைச்சிட்டா. நல்லா இருக்குவே ஒங்க வீட்டு ஞாயம்!"

அப்பாவோ தகரம் அடிப்பவர்களுக்குக் கம்பு ஆடாமல் இருக்க மண்ணை மிதித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அது எனக்கு இன்னும் விளங்காத காட்சிகளில் ஒன்று.

வீட்டிலிருந்த எல்லாருக்கும் மூக்கில் மாதிரி எடுத்தார்கள். அம்மாவுக்குத் தொற்று இருந்தது. அப்பாவுக்கு இல்லை என்று வந்தது. நோய் உடம்பில் நுழைந்த முதல் சில நாட்களில் எடுத்தால் இல்லை என்றுதான் காட்டும் என்பதைப் பிறகு மருத்துவர் விளக்கினார். அந்த நேரத்தில் அது எங்களுக்கு நல்ல செய்தியாக இருந்தது.

அம்மா ஒரு வாரமாகவே இருமிக்கொண்டிருந்தாள். கருவாட்டுத் தூசி என்றாள். விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்சிஜனைப் பார்க்கும் சிறு கருவியை ஆய்வாளர் அவள் விரலில் வைத்ததும் அவர் முகம் மாறியது. தொண்ணூற்றைந்துக்கு மேல் இருக்க வேண்டியது எண்பத்தாறு காட்டியது. அம்மாவோ அவரிடம், "தம்பி, சாப்பிட்டியளா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். இந்த நோயின் தந்திரம் அது. மற்ற நுரையீரல் நோய்களில் ஆக்சிஜன் இந்த அளவு குறைந்தால் ஆள் திணறுவார், பயப்படுவார். இதில் பலருக்கு அந்தத் திணறல் வருவதில்லை. நன்றாகப் பேசிக்கொண்டே உள்ளே மூழ்குவார்கள்.

ஆம்புலன்சில் ஏறும்போது அப்பா தள்ளி நின்றார். கிட்டே வரக் கூடாது என்று ஆய்வாளர் சொல்லியிருந்தார். அம்மா கதவருகே திரும்பி, "குசினியில புளிமுளம் கொழம்பு இருக்கு. சூடு பண்ணி வைங்க, கெட்டுப் போயிரும்" என்றாள்.

திருநெல்வேலி அரசு மருத்துவமனைக்கு வெளியே ஆம்புலன்சுகள் வரிசையாக நின்றன. வாகனத்திலேயே ஆக்சிஜன் கொடுத்துக்கொண்டு காத்திருந்தோம். முன்னால் நின்ற வண்டியின் கதவு திறந்தே கிடந்தது. உள்ளே ஒரு கிழவர்; பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் துண்டால் விசிறிக்கொண்டிருந்தார். வரிசை நகர்ந்தபோது அந்த வண்டி மட்டும் நகரவில்லை. அதைச் சுற்றிக்கொண்டு எங்கள் வண்டி முன்னேறியது. அந்தக் கிழவரின் படுக்கைதான் அம்மாவுக்குக் கிடைத்ததோ என்று வெகுநாள் நினைத்தேன். அப்படி நினைப்பதில் பொருள் இல்லை என்று தெரிந்தும் நினைத்தேன்.

சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். நெஞ்சை ரொட்டித்துண்டு போலப் படலம் படலமாக வெட்டிக் காட்டும் படம் அது. காற்று இருக்கும் இடம் கறுப்பாகத் தெரிய வேண்டும். அம்மாவின் படத்தில் கறுப்புக்கு நடுவே கண்ணாடியில் மூச்சு விட்டதுபோல் வெள்ளைப் புகை படர்ந்திருந்தது. இரு நுரையீரலிலும் பாதிக்கு மேல். எனக்கு ஓரத்தில் கொஞ்சம்தான். எனக்கு மாத்திரை போதும், ஆனால் அம்மாவுக்குத் துணையாக அதே வார்டில் இருக்கலாம் என்றார்கள். நோயாளியும் நானே, துணையாளும் நானே.

வார்டில் அம்மாவுக்கு அடுத்த கட்டிலில் பார்வதி டீச்சர் இருந்தார். அம்பாசமுத்திரத்துக்காரர், ஐம்பது வயதிருக்கும், பள்ளியில் கணக்குச் சொல்லித் தருபவர். அவர் வீட்டில் யாரும் எதையும் மறைக்கவில்லை. காய்ச்சல் வந்த மறுநாளே போய்ப் பரிசோதித்தார்கள். வாசலில் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். அதற்குப் பிறகு பால்காரர் பாலைத் தெருமுனையில் வைத்துவிட்டுப் போனாராம், நாய் குடித்ததாம்.

"இருபது வருசமா ஒண்ணா இருந்த தெரு. எங்க வீட்டைக் கடக்கும்போது மூச்சப் பிடிச்சிக்கிட்டு ஓடுதாங்க. எங்க பி.டி. வாத்தியார் பாத்தா சந்தோசப்பட்டிருப்பாரு" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரித்ததில் இருமல் வந்து, செவிலியர் ஓடிவந்து திட்டினார்.

அம்மாவைக் குப்புறப் படுக்கச் சொன்னார்கள். நுரையீரலின் பெரும்பகுதி முதுகுப் பக்கம் இருக்கிறது. மல்லாந்து படுத்தால் உடம்பின் கனம் அதை அழுத்தும். குப்புறப் படுத்தால் அந்தப் பகுதி விரியும். காசில்லாத வைத்தியம். ஆனால் முகமூடியும் குழாயும் மாட்டிக்கொண்டு மணிக்கணக்கில் குப்புறக் கிடப்பது எளிதில்லை. "வலையில மாட்டுன திருக்கை கணக்கா கெடக்கேன்" என்றாள் அம்மா.

வார்டுக் குழாயில் வந்த தண்ணீர் மட்டும் அவளுக்குப் பிடித்திருந்தது. எங்கள் ஊரில் தண்ணீர் கரிக்கும். "இது தித்திக்குல்லா?" என்று இரண்டு மூன்று தடவை கேட்டாள்.

"ஆத்துத் தண்ணில்லா. எங்க ஊரத் தாண்டித்தான் இங்க வருது. வேணுங்கற மட்டும் குடிங்க. நான் பில்லு போட மாட்டேன்" என்றார் டீச்சர்.

அம்மாவின் தம்பி செல்வம் மாமா வள்ளியூரில் இருக்கிறார். மீனுக்கு ஐஸ் கொண்டுபோகும் வண்டி ஓட்டுகிறார். அவர்தான் தினமும் கஞ்சியும் துவையலும் கொண்டுவந்து வாசல் மேசையில் வைப்பார். பொட்டலத்தின்மேல் அம்மாவின் பெயரும் வார்டும் எழுதியிருக்கும். அதற்குக் கீழே ஒவ்வொரு நாளும் ஒரு வரி: 'உப்பு குறைவு, திட்டாதே.' 'மாத்திரையை எண்ணி விழுங்கு.' அம்மா அதைப் படித்துவிட்டுத்தான் சாப்பிடுவாள்.

அந்த ஆஸ்பத்திரியில் எங்களிடம் யாரும் பணம் கேட்கவில்லை. இதைச் சொல்லியாக வேண்டும். ஆக்சிஜன், ஊசி, ஸ்டீராய்டு, மூன்று வேளைச் சாப்பாடு, முட்டை எல்லாம் அரசாங்கம் தந்தது. கவச உடைக்குள் வியர்த்து ஊறிய செவிலியர் ஒருவர் அம்மாவின் தலையைச் சீவிப் பின்னிவிட்டார். அம்மாவைக் காப்பாற்றியது அரசாங்கம். எங்கள் தெருவில் தகரம் அடித்ததும் அதே அரசாங்கம். இரண்டும் ஒரே துறை. இதை எப்படி ஒரே மூச்சில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அப்பா காலையும் மாலையும் கூப்பிடுவார். முதலில் நிறையப் பேசினார். கமிட்டி அரிசி வாங்கிப் பங்கு வைத்தது, ரோணிக்கம் அத்தை இப்போது வாசல்படியில் குழம்பு வைத்துவிட்டுப் போவது, தகரத்தில் சிறுவர்கள் சுண்ணாம்பால் சுறா வரைந்தது. பிறகு பேச்சு குறைந்தது. "சரி", "ம்", "வைக்கேன்". அம்மாவைப் பற்றிய கவலையில் பேசவில்லை என்று நினைத்தேன்.

ஒரு மதியம் அவர் பேசும்போது ஒரு வாக்கியத்தை நடுவில் நிறுத்தி மூச்சு வாங்குவது கேட்டது. வார்டில் அந்தச் சத்தம் எல்லாக் கட்டிலிலும் கேட்டுக்கொண்டிருந்ததால் எனக்கு உடனே பிடிபட்டது. எழுந்து வராந்தாவுக்குப் போனேன்.

"அப்பா, ஒரே மூச்சுல எண்ணுங்க. நான் கேக்கணும்."

"என்னத்த எண்ண?"

"ஒண்ணு ரெண்டுதான். முப்பது வரைக்கும். நடுவுல மூச்சு எடுக்கக் கூடாது."

இது வார்டில் சொல்லித் தந்த சோதனை. கருவி இல்லாத இடத்தில் நோயாளியை ஒரே மூச்சில் எண்ணச் சொல்வார்கள். நல்ல நுரையீரல் முப்பதைத் தொடும். இருபதைத் தொடவில்லையென்றால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர வேண்டும்.

"ஒனக்கு கோட்டியா பிடிச்சிருக்கு, ஏட்டி?"

"எண்ணுங்கப்பா."

அவர் எண்ணினார். கரையில் மீன் எண்ணும்போது ஒன்று என்று சொல்ல மாட்டார்கள். முதல் எண்ணை லாபம் என்பார்கள். நாற்பது ஆண்டுப் பழக்கம். "லாபம், ரெண்டு, மூணு…" ஏலத்தில் இருநூறு மீனைப் பாட்டுப்போல இழுத்து எண்ணும் குரல். ஒன்பதில் நின்றது.

"போதுமா?" என்றார்.

"எத்தன நாளா காய்ச்சல்?"

"தகரம் பிரிக்க இன்னும் ரெண்டு நாளுதான் மக்கா. இப்பம் நான் போய் நின்னேன்னா மறுபடி முதல்ல இருந்து நாள எண்ணுவான். பிரிச்சதும் வாரேன். அன்னைக்கே வாரேன்."

அவர் மட்டும் இல்லை. அந்தத் தெருவில் வேறு சிலருக்கும் காய்ச்சல் இருந்தது. எல்லாரும் அந்த இரண்டு நாளுக்காகத்தான் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள்.

காற்றாலையில் அதிர்வை அளக்கும் சென்சார் ஒன்று உண்டு. அதிர்வு கூடினால் காற்றாலை தானாக நின்றுவிடும். காற்று நன்றாக வீசும் நாளில் அது நின்றால் உற்பத்தி போகும். அதனால் சில இடங்களில் அந்தச் சென்சாரின் கம்பியைக் கழற்றிவிடுவார்கள். காற்றாலை ஓடும், உள்ளே பற்சக்கரம் உடையும்வரை. கழற்றியவரைத் திட்டுவது எளிது. ஆனால் அளந்து சொன்னால் தண்டனை என்று விதி இருக்கிற இடத்தில் எல்லாம் கம்பி கழற்றப்படும். இதை நான் வேலையில் பல முறை பார்த்திருக்கிறேன். நோயில் இப்போதுதான் பார்த்தேன்.

அம்மாவுக்கு நான் சொல்லவில்லை. ஆனால் வராந்தாக் கதவு திறந்திருந்தது. திரும்பி வந்தபோது அவள் குப்புறக் கிடந்தவாறே கையை நீட்டினாள். "போனக் குடு."

முகமூடியை ஒருபக்கம் தள்ளிக்கொண்டு பேசினாள். "இஞ்ச பாருங்க. வள்ளம் போனா போவுது. அடுத்த வருசமும் கடலு அங்கனதான் கெடக்கும். நீங்க வாங்க."

அவர் ஏதோ சொன்னார்.

"ஊரு கெடக்கட்டும். நான் இங்க எதுக்குக் குப்புறக் கெடக்கேன்? உயிரோட வந்து ஒங்களப் பாக்கத்தான் கெடக்கேன். எனக்காவ வாங்க. இது வரைக்கும் ஒங்கள ஒண்ணு கேட்டிருக்கேனா?"

இரண்டு நாள் என்று அவர் மறுபடி சொன்னது எனக்கே கேட்டது. அம்மா போனை என்னிடம் தந்துவிட்டு முகமூடியைச் சரியாக மாட்டிக்கொண்டாள்.

நான் சுகாதார ஆய்வாளரைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். அப்பாவைக் காட்டிக்கொடுப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அளவு குறைந்திருக்கிறது, சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அவர் உடனே போனார். மாலையில் திருப்பிக் கூப்பிட்டார்.

"போயிட்டு வந்தேன் மேடம். ஊரே கரையில நிக்குது. ஒருத்தருக்கும் ஒண்ணுமில்லங்காங்க. ஒங்கப்பா வள்ளத்துல சாஞ்சி நின்னாரு. அவரக் கேட்டா சுத்தி நிக்கவங்க பதில் சொல்லுதாங்க. கருவிய எடுத்துக்கிட்டுக் கிட்ட போனேன். பொம்பளைங்க குறுக்க வந்துட்டாங்க. நாங்க மூணு பேரு. என்ன செய்யச் சொல்லுதீங்க?"

அவர் குரலிலும் களைப்பு இருந்தது. அந்த வாரம் எத்தனை ஊர்களில் எத்தனை தகரத்துக்கு முன்னால் அப்படி நின்றாரோ.

ஊர் மொத்தமும் பொய் சொன்னது அப்பாவின்மேல் இருந்த பாசத்தினால்தான் என்று மாமா பின்னர் சொன்னார். தலைவர் நமக்காக நிற்கிறார், அவரைத் தூக்கிக்கொண்டு போக விடக் கூடாது என்று நின்றார்களாம். குறுக்கே போன பெண்களில் முதல் ஆள் ரோணிக்கம் அத்தை.

இரண்டாம் நாள் தகரம் பிரித்தார்கள். மறுநாள் விடியுமுன் வள்ளங்கள் போயின. நல்ல மீன்பாடு என்று கேள்வி. அப்பா சொன்ன சொல் தவறவில்லை. தகரம் பிரித்த அன்று மாலையே மாமாவின் ஐஸ் வண்டியில் வந்து சேர்ந்தார். வழியில் நாங்குநேரி தாண்டும்போது பேச்சு நின்றுவிட்டது.

அவரை வேறு கட்டடத்தில் சேர்த்தார்கள். எனக்குத் தொற்று இருந்ததால் அங்கே போய்ப் பார்க்கத் தடையில்லை. இந்த நோயில் எனக்குக் கிடைத்த ஒரே சலுகை அது. பெரிய குழாய் வழியாக வேகமாக ஆக்சிஜன் தள்ளும் இயந்திரத்தில் போட்டிருந்தார்கள். சாதாரண முகமூடி போதாதபோது அதற்கு மாற்றுவார்கள். அதுவும் போதாவிட்டால் தொண்டையில் குழாய். அந்த இயந்திரத்தின் திரையில் ஓடிய எண்களை எனக்குப் படிக்கத் தெரியும். தெரியாமல் இருந்திருக்கலாம்.

கண் திறந்து பார்த்தார். "அம்மா கோவமா இருக்காளா?"

"ஆமா."

"இருக்கட்டும்" என்றார். மூச்சு வாங்கிக்கொண்டு, "நல்லா இருக்காள்ளா?"

"நல்லா இருக்கா. நேத்து எந்திரிச்சி உக்காந்தா."

தலையை ஆட்டினார். மற்ற எதையும் பேச அவருக்குக் காற்று இல்லை. கால் சில்லென்று இருந்தது. போர்வையை இழுத்துவிட்டு வந்தேன்.

அம்மா வரவில்லை. வர முடியாது என்பது உண்மைதான். ஆக்சிஜனைக் கழற்றிப் பத்தடி நடந்தால் எண் சரிந்தது. ஆனால் சக்கர நாற்காலியில் சிலிண்டரோடு கொண்டுபோய்க் காட்டலாம் என்று தலை பின்னிவிட்ட அந்தச் செவிலியர் சொன்னார். அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். "நான் வாங்கன்னு சொன்னப்போ அவரு வந்தாரா?" என்றாள்.

நாலாம் நாள் காலை அப்பா இறந்தார்.

அம்மாவிடம் இப்போது சொல்ல வேண்டாம், ஆக்சிஜன் குறையும் என்று பயிற்சி மருத்துவர் சொன்னார். பார்வதி டீச்சர் வீட்டுக்குக் கிளம்பத் தயாராகித் தன் பிளாஸ்க்கை எங்கள் அலமாரியில் வைத்துக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் பையைக் கீழே வைத்துவிட்டு அம்மாவின் கட்டிலில் உட்கார்ந்தார். நான் சொன்னேன். மறைத்ததெல்லாம் போதும் என்று எனக்குத் தோன்றியது. அம்மாவின் விரலில் இருந்த கருவியை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். எண் இறங்கியது; பிறகு ஏறி நின்றது. அவள் அழவில்லை. டீச்சர்தான் அழுதார்.

உடலை ஊருக்குக் கொண்டுபோக மேலப்பாளையத்திலிருந்து தன்னார்வலர்கள் நாலு பேர் வந்தார்கள். இந்து, கிறித்தவர், முஸ்லிம் என்று பாராமல் அந்த மாதம் முழுக்க அவர்கள் இதே வேலையாக இருந்தார்கள். நோன்பு முடிந்து பெருநாளைக்கூட வீட்டில் கொண்டாடவில்லை என்றார் அவர்களில் மூத்தவர். என்னை உடன் வர விடவில்லை. எனக்கு இன்னும் டிஸ்சார்ஜ் எழுதியிருக்கவில்லை. அந்த மூத்தவர் வார்டு வாசலுக்குத் தள்ளி நின்று கேட்டார்:

"வாப்பா முகத்த ஒரு தடவ பாத்துக்கிடுதியளாம்மா? பை மூடியாச்சின்னா பிறகு திறக்க முடியாது."

பார்த்தேன். "ஒங்க ஆளுக எப்படிப் பண்ணுவாங்கன்னு சொல்லுங்க. அதே மாதிரி செய்வோம்" என்றார். சிலுவையை நெஞ்சின்மேல் வைக்க வேண்டும், கால் கடல் பக்கம் இருக்க வேண்டும் என்று சொன்னேன். இரண்டையும் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்துக்கொண்டார். அப்படியே செய்தார்கள் என்று மாமா சொன்னார்.

எங்கள் ஊரில் சாவு விழுந்தால் அடக்கம் முடியும்வரை எந்த வள்ளமும் கடலுக்குப் போகாது. சாவுகள் அடுத்தடுத்து வந்தால் தொழில் என்னாவது என்று, ஆஸ்பத்திரியில் இறப்பவர்களுக்குத் தொழில் நிறுத்தம் வேண்டாம் என்றும் கமிட்டி முடிவு செய்திருந்தது. அதுவும் அப்பா எழுதிய முடிவு. அவருக்காக ஊர் அதை மீறியது. அன்று ஒரு வள்ளமும் இறங்கவில்லை. கல்லறைத் தோட்டத்துக்கு வெளியே, உடைமுள் மரங்களுக்கு அந்தப் பக்கம், ஊர் முழுவதும் வெயிலில் தள்ளித் தள்ளி நின்றதாம். உயிரோடிருந்தபோது அவர் ஊரிடம் கேட்க மறுத்த ஒரு நாளை, இறந்த பிறகு அது தானாகக் கொடுத்தது.

அடக்கத்துக்குப் பிறகு அந்த வாரமே இன்னும் மூன்று பேரைத் திருநெல்வேலிக்குக் கொண்டுவந்தார்கள். அவர்களில் ரோணிக்கம் அத்தையும் ஒருவர். அதன் பிறகு கமிட்டியே ஆய்வாளரைக் கூப்பிட்டுக் கோயில் வளாகத்தில் பரிசோதனை முகாம் வைத்தது. இந்த முறை ஆய்வாளர் தகரம் கொண்டுவரவில்லை. தொற்று இருந்த வீடுகளை மட்டும் தனியே வைத்தார், கடற்கரையை மூடவில்லை. விதி மாறியதா, அவராக மாற்றினாரா என்று நான் கேட்கவில்லை. ஒரு மாதம் முன்பு இப்படி நடந்திருந்தால் என்று கணக்குப் போட ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டேன்.

இப்போதைய நிலைமை இது.

நான் பழைய வேலையிலேயே இருக்கிறேன். ஆடிக் காற்றில் படியேறினால் முன்பைவிடச் சீக்கிரம் களைக்கிறது, மற்றபடி குறையில்லை. ரோணிக்கம் அத்தை பிழைத்துக்கொண்டாள். ஊரில் சிலர், தலைவர் உயிரைக் கொடுத்து எங்கள் பருவத்தைக் காப்பாற்றினார் என்கிறார்கள். சிலர், மகள் பரிசோதனைக்குப் போகாமல் இருந்திருந்தால் அவர் இருந்திருப்பார் என்கிறார்கள். இரண்டையும் என் முகத்துக்கு நேராகச் சொல்வதில்லை.

அம்மாவின் நுரையீரலில் தழும்பு நின்றுவிட்டது. புண் ஆறிய தோல் இறுகிப்போவதைப் போல நுரையீரலின் சில பகுதிகள் இறுகிவிட்டன. இனி அவை விரியாது. கோயில் வரைக்கும் பைய நடக்கிறாள். நடுவில் இரண்டு இடத்தில் நிற்கிறாள். பூசைக்குப் போகிறாள், செபமாலை சொல்கிறாள். பார்வதி டீச்சரோடு போனில் நிறையப் பேசுகிறாள்.

ஊர்மேல் அவளுக்குக் கோபமில்லை. தகரம் அடித்தவர்கள்மேலும் இல்லை. கல்லறைத் திருநாளுக்கு ஊரே மெழுகுவர்த்தியோடு தோட்டத்துக்குப் போகும்போது அவள் வீட்டில் இருந்துகொள்கிறாள். அப்பாவின் கல்லறைக்கு அவள் இன்றுவரை போகவில்லை. நான் மட்டும் போய்வருகிறேன்.